மன்றம் இல்லாத கலைஞர்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற திரைக் கலைஞர் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அண்மை ஆண்டுகளில் நம்மை விட்டு மறைந்த நடிகர்களையும் இயக்குநர்களையும் நினைவுகூரக் கூடியிருக்கும் இக்கூட்டத்தில் நானும் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று செயலாளர் கட்டளையிட்டார். நான் புலவனல்லன், மேடைப் பேச்சில் பழகியவனுமல்லன். பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திக்கொண்டு, தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானதால் பத்தொன்பதாம் வயதில் ரயில்வே உத்தியோகத்தில் சேர்ந்தவன். இன்று நான் அமர்ந்திருப்பது செட்டில்மெண்ட் பிரிவின் மேசை. ஓய்வு பெற்றோர், பணியிலேயே இறந்தோர் ஆகியோரின் கணக்கை முடித்துக் குடும்பத்துக்குச் சேர வேண்டியதைச் சேர்க்கும் மேசை அது. ஒருவர் போன பின்பு அவரைப் பற்றி ஏட்டில் எது நிற்கிறது, எது விட்டுப்போகிறது என்பதை அங்கே நாள்தோறும் பார்க்கிறேன். அந்த ஒரு பழக்கத்தைத் தகுதியாகக் கொண்டுதான் உங்கள் முன் நிற்கிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

எனக்கு முன் பேசிய அன்பர்கள் நடிகர் விஜயகாந்த் அவர்களைப் பற்றியும், நகைச்சுவை நடிகர் விவேக் அவர்களைப் பற்றியும் உள்ளம் உருகப் பேசினார்கள். அவை யாவும் உண்மையே. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் விஜயகாந்த் மறைந்தபோது சென்னை நகரமே தெருவில் திரண்டு நின்றதைத் தொலைக்காட்சியில் கண்டோம். படப்பிடிப்புத் தளத்தில் கதாநாயகன் முதல் கடைசித் தொழிலாளி வரை யாவர்க்கும் ஒரே சோறு என்று நடத்திக் காட்டியவர் அவர். நடிகர் சங்கத் தலைவராக இருந்து, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலை நிகழ்ச்சிகள் நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தவர் அவர். ஆகவேதான் கோயம்பேட்டில் அவரது நினைவிடத்தில் அன்னதானம் செய்து அவரை நினைக்கின்றனர். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் விவேக் மறைந்தார். அப்துல் கலாம் அவர்களின் சொல்லை ஏற்று லட்சக்கணக்கில் மரக்கன்றுகள் நட்டவர் அவர் என்பதால், அன்று பல ஊர்களில் ரசிகர்கள் மரக்கன்று நட்டு அஞ்சலி செலுத்தினர். சோறிட்டவரைச் சோறிட்டும், மரம் நட்டவரை மரம் நட்டும் நினைப்பது நல்ல முறை. மறைந்தவர் எதைச் செய்தாரோ அதையே நாமும் சிறிது செய்வது, படத்துக்கு மாலை போடுவதைக் காட்டிலும் மேலானது என்பது எனது தாழ்மையான கருத்து.

ஆயினும் அன்பர்களே, இவ்விருவர்க்கும் ரசிகர்கள் ஊர்தோறும் உண்டு. பெயர்ப்பலகையும் கொடியும் சுவரொட்டியும் உண்டு. அவை எவையும் இல்லாத இருவரைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். இருவரும் 2024-ஆம் ஆண்டில் மறைந்தனர். ஒருவர் இயக்குநர் துரை. ஏப்ரல் 22-ஆம் நாள் காலமானார். மற்றொருவர் நடிகர் டெல்லி கணேஷ். நவம்பர் 9-ஆம் நாள் காலமானார். இவ்விருவரையும் இணைத்த படம் 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பசி’.

துரை அவர்களின் பெயரைச் சொன்னால் இளைஞர்கள் யாரென்று கேட்பார்கள். ‘பசி’ துரை என்றால் பெரியவர்கள் தலையசைப்பார்கள். 1974-இல் ‘அவளும் பெண்தானே’ என்ற படத்தால் அறிமுகமானவர் அவர். 1979-ஆம் ஆண்டில் இரண்டு படங்களால் அவர் பேசப்பட்டார். ஒன்று, பாம்பு பழிவாங்கும் கதையான ‘நீயா?’. அது கூட்டம் சேர்த்தது. மற்றொன்று ‘பசி’. சென்னைக் குடிசைப் பகுதியில் காகிதம் பொறுக்கிப் பிழைக்கும் குப்பம்மா என்ற பெண்ணின் கதை அது. அவ்வேடத்தில் நடித்த ஷோபாவுக்கு அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படமென்ற தேசிய விருதும் அப்படத்துக்குக் கிடைத்தது. அந்தோ, 1980-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே அந்த இளம் நடிகை மறைந்துபோனார். பின்னர் 1984-இல் அதே கதையைத் துரை அவர்களே இந்தியில் ‘பேட் பியார் அவுர் பாப்’ என்ற பெயரில் எடுத்தார். ஸ்மிதா பாட்டீல் அதில் நடித்தார். தமிழ்நாட்டுக் குடிசையின் பசி வடநாட்டவர்க்கும் புரியும் என்று நம்பிய மனிதர் அவர். வடக்கே வாழும் நாம் அதற்காகவேனும் அவரை மறத்தலாகாது.

அந்தக் குப்பம்மாவின் தந்தையாக, சைக்கிள் ரிக்‌ஷா இழுப்பவராக நடித்தவரே டெல்லி கணேஷ். அப்போது அவர் திரைக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வேடத்துக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இப்போது நான் நம் சங்கத்தார் அனைவரும் செவிமடுக்க வேண்டிய ஒரு செய்திக்கு வருகிறேன். தமிழ் நடிகர் ஒருவருக்கு ‘டெல்லி’ என்ற பட்டம் எப்படி வந்தது? 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வல்லநாட்டில் பிறந்தவர் அவர். 1964 முதல் 1974 வரை பத்தாண்டுகள் இந்திய விமானப் படையில் பணியாற்றினார். தலைநகரில் தட்சிண பாரத நாடக சபா என்றொரு குழு இருந்தது. வேலையின் பொருட்டு ஊரை விட்டு வந்த தென்னாட்டார் கூடி நாடகம் போட்ட குழு அது. அக்குழுவில் சேர்ந்து மேடையேறியவர்தான் நம் கணேசன். பின்னர் 1977-இல் கே. பாலசந்தர் ‘பட்டினப் பிரவேசம்’ என்ற படத்தில் அவரை அறிமுகம் செய்து, டெல்லி கணேஷ் என்று பெயரும் சூட்டினார். விசு எழுதிய மேடை நாடகத்தைத் தழுவிய படம் அது. கிராமத்துக் குடும்பம் ஒன்று பட்டணத்துக்குக் குடிபெயர்ந்து படும் பாட்டைச் சொல்லும் கதை. குடிபெயர்ந்து வாழ்ந்தவர் குடிபெயர்ந்த குடும்பத்தின் கதையிலேயே திரையில் முதன்முதல் தோன்றினார். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

ஆகவே, அந்தப் பட்டம் அவரது ஊரைக் குறிப்பதன்று. நம்மைப் போன்றோர் அரைநாள் விடுப்புப் போட்டு, வேட்டியைத் திரையாகக் கட்டி, கடன் வாங்கிய நாற்காலியை அரியணையாக்கி ஆடும் மேடையைக் குறிப்பது. ஊரை விட்டு வந்த தமிழரின் மேடையைத் தம் பெயரின் முன்னே சுமந்துகொண்டு 400-க்கும் மேற்பட்ட படங்களில் அவர் நடமாடினார். அவர் மறைந்தபோது விமானப் படையினர் வந்து மரியாதை செலுத்தினர். அது முறையே. படையினர் தம் கடனைச் செய்தார்கள். நாடகம் போட்ட சங்கங்கள் செய்ய வேண்டிய கடன் ஒன்று மிச்சமிருக்கிறது.

உத்தியோகமும் நாடகமும் ஒன்றாக இருக்க முடியுமா என்று சிலர் கேட்பர். நம் இலாகாவையே எடுத்துக்கொள்வோம். நாகேஷ் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர்தாம். ரயில்வே ஊழியர் நாடகமொன்றில் வயிற்றுவலி நோயாளியாகச் சிறிது நேரமே தோன்றி, எம்.ஜி.ஆர். அவர்களின் கையால் பரிசு வாங்கியவர். பாலசந்தர் சென்னை அக்கௌண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். விவேக் தலைமைச் செயலகத்தில் பணி செய்தவர். கோப்பும் ரப்பர் முத்திரையும் கலைக்குப் பகையல்ல. பகலெல்லாம் மேலதிகாரியின் முகத்தையும், வரிசையில் நிற்கும் மக்களின் முகத்தையும் பார்க்கிறவனுக்கு நடிப்புக்கு வேண்டிய சரக்கு ஒரு வகையில் சம்பளத்துடனேயே கிடைக்கிறது.

டெல்லி கணேஷ் அவர்களின் நடிப்பில் சிறப்பு எது? நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தாம் பேசும்போது நடிப்பவர் பலர். பிறர் பேசக் கேட்கும்போதும் நடிப்பவர் சிலரே. அவர் அச்சிலரில் ஒருவர். 1987-இல் வந்த ‘நாயகன்’ படத்தை நினைத்துப் பாருங்கள். பம்பாய்த் தாராவியில் வாழும் வேலு நாயக்கருக்கு இந்தி தெரியாது. உடனிருந்து மொழிபெயர்த்துச் சொல்லும் அய்யராக வருபவர் டெல்லி கணேஷ். ஒருவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டு, அதை மற்றொருவர்க்குப் பதமாக எடுத்துச் சொல்லும் வேடம் அது. மொழி தெரியாத ஊரில் முதன்முதல் வந்திறங்கிய எவர்க்கும் அந்த அய்யரைத் தெரியும். ரேஷன் கடையிலும் மருத்துவமனையிலும் நம் தாய்மார்களுக்கு அருகில் நின்று வங்க மொழியைத் தமிழாக்கிச் சொன்ன ஒரு மனிதர் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருந்தார் அல்லவா?

1985-இல் வந்த ‘சிந்து பைரவி’யில் அவர் மிருதங்க வித்துவான். குடிப்பழக்கத்தால் பாடகரின் சினத்துக்கு ஆளாகி மேடையை விட்டு விலக்கப்படுகிறவர். அந்தப் பாடகரே பின்னர் மதுவுக்கு அடிமையாகிறார். 1989-இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் கொடியவர் நால்வரில் ஒருவர், நாகேஷ் மற்றொருவர். மறு ஆண்டே, 1990-இல், ‘மைக்கேல் மதன காம ராஜ’னில் பாலக்காட்டுச் சமையற்காரர் மணி ஐயர். அதற்கு வசனம் எழுதிய கிரேஸி மோகன் 2019-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் மறைந்தார். அவரும் மேடையிலிருந்து வந்தவரே. கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்த அந்தக் காட்சியில் நாம் இன்றும் சிரிக்கிறோம். சிரிப்பு வசனத்தால் மட்டும் வருவதன்று. தம் ஆசாரமும் தொழிலும் ஒரே பாத்திரத்தில் மூழ்கக் கண்ட ஒரு மனிதரின் பதற்றத்தை அவர் உண்மையாகவே காட்டினார். ஆகவே நமக்குச் சிரிப்பு வந்தது.

இத்தகைய நடிகர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் ஊரிலுள்ள தமிழரின் கடனைக் காட்டிலும் பெரிது. அதற்குக் காரணம் உண்டு. நம் சொந்த ஊர் இங்கிருந்து ரயில் பாதையில் 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நான் இவ்வூரில் பிறந்தவன். பெரியப்பாவையும் தாய்மாமனையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை, பாஸ் கிடைக்கும் கோடை விடுமுறையில் பத்து நாள் பார்த்திருக்கிறேன். வீட்டிலே அப்பா இரவு ஷிப்டு. அம்மாவுக்கு வேலை ஓயாது. பெரியப்பா என்பவர் எப்படிக் கோபிப்பார், தாய்மாமன் எப்படிக் கேலி செய்வார், சம்பந்தி வீட்டார் வந்தால் எந்தச் சொல்லால் வரவேற்பது என்பவற்றையெல்லாம் நான் கற்றது படங்களிலிருந்துதான். அவற்றைக் கதாநாயகர் கற்பிக்கவில்லை. அவர் பாட்டும் சண்டையுமாக இருப்பார். அவரது தகப்பனாராகவும் மாமனாராகவும் அண்டை வீட்டுக்காரராகவும் வந்தவர்களே எங்களுக்கு வீட்டுத் தமிழைக் கற்பித்தார்கள்.

கோரமண்டல் எக்ஸ்பிரஸில் யாரேனும் ஊரிலிருந்து வந்தால் வீடியோ காசெட்டு ஒன்று கொண்டுவருவார்கள். ஒரு காசெட்டு முப்பது வீடு சுற்றும். சென்னைக் குடிசைத் தமிழ் இப்படி, பாலக்காட்டார் தமிழ் இப்படி, நெல்லைத் தமிழ் இப்படி என்று இங்குள்ள பிள்ளைகள் வாய்ப்பாடு போலச் சொல்வார்கள். ரிக்‌ஷாக்காரரின் தமிழையும் சமையற்காரரின் தமிழையும் ஒரே மனிதர் எங்களுக்குக் கற்பித்தார் என்பதை நான் பெரியவனான பின்பே உணர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லாத ஊரில், அவர்தாம் எங்களுக்குத் தமிழாசிரியர்.

இதுவரை கூறியது திரையுலகம் பற்றியது. இனிக் கூற வேண்டியது நம்மைப் பற்றியது. குறிப்பாக என்னைப் பற்றியது. மேடையில் சொல்லத் தக்கதா என்று தயங்கினேன். சொல்லாமற்போனால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த அண்ணாச்சியை உங்களில் மூத்தோர் அனைவரும் அறிவீர்கள். அவரும் நெல்லைச் சீமைக்காரர். நம் சங்க நாடகங்களில் தந்தை வேடமென்றால் அவர்தாம். கதாநாயகனாக ஒருமுறையும் நடித்ததில்லை. கதாநாயகர்கள் ஆண்டுதோறும் மாறினார்கள். மாற்றல் உத்தரவு வந்து போனார்கள். தந்தை மட்டும் மாறவே இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். திரைக்குப் பின்னால் நின்று, டார்ச் விளக்கின் ஒளியில் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, வசனத்தின் முதற்சொல்லை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. ஒரு நாடகத்தின் நடுவே டார்ச்சின் பாட்டரி தீர்ந்துபோயிற்று. மேடையிலே அண்ணாச்சிக்கு வசனம் மறந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிற்று. அவரோ சற்றும் கலங்கவில்லை. எதிரே நின்ற மகன் வேடக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மண்டபம் முழுவதும் அமைதி. வீட்டை விட்டுப் போகிறேன் என்று கூறிய மகனுக்கு மறுமொழி சொல்ல மாட்டாமல் தகப்பன் திகைக்கிறான் என்று எண்ணிப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அவருக்கு வசனம் நினைவு வந்தது. தணிந்த குரலில் சொன்னார். நாடகம் முடிந்ததும் நான் அழுதுகொண்டே போய் மன்னிப்புக் கேட்டேன். “அட, அழாத தம்பி. வசனம் மறந்து போச்சுன்னா எதிர நிக்கவன் மூஞ்சியப் பாரு. அதுல எழுதியிருக்கும்” என்றார். பின்னாளில் டெல்லி கணேஷ் அவர்களின் நடிப்பை நான் புரிந்துகொண்டதற்கு அந்த ஒரு வாக்கியமே திறவுகோல்.

2004-ஆம் ஆண்டில் நான் விழாக்குழுவில் இருந்தேன். இளைஞன், வேகம் அதிகம். ஆண்டு விழாவில் நாடகத்தை மக்கள் விரும்புவதில்லை, வெளியூரிலிருந்து மெல்லிசைக் குழுவை வரவழைப்போம் என்று தீர்மானம் முன்மொழிந்தவன் நானே. பெரும்பான்மை என் பக்கம் இருந்தது. அண்ணாச்சி அவ்வாண்டு நாடகத்துக்குத் தம் பாகத்தை அதற்குள் மனப்பாடம் செய்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் முன்மொழிந்தேன். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. விழாவன்று முன்வரிசையில் அமர்ந்து மெல்லிசையைக் கேட்டு, கை தட்டிவிட்டுப் போனார். அதன் பின்னர் நம் மேடையில் முழு நாடகம் எதுவும் ஏறவில்லை.

2024 நவம்பர் 10-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், டெல்லி கணேஷ் மறைந்த செய்தி வந்தது. அன்று முழுவதும் நான் கைப்பேசியும் கையுமாக இருந்தேன். அவரது படத்தை வைத்தேன். கண்ணீர் அஞ்சலி என்று எழுதினேன். பழைய காட்சிகளைத் தேடித் தேடி நண்பர்களுக்கு அனுப்பினேன். அண்ணாச்சி நோயுற்று, என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் படுத்திருந்தார். ஒருமுறை வந்து போகும்படி முந்திய வாரமே சொல்லியனுப்பியிருந்தார். நான் போகவில்லை. புதன்கிழமை மாலைதான் போனேன்.

என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, “தம்பி, கணேசன் போயிட்டாராமே. நம்ம வல்லநாட்டுக்காரர்லா” என்பதுதான். பிறகு தலைமாட்டிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். நம் சங்கம் போட்ட 22 நாடகங்களின் பெயர், தேதி, வேடதாரிகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் தம் பாகத்தின் வசனம் ஆகியவற்றைத் தம் கைப்படவே எழுதி வைத்திருந்தார். 2004-ஆம் ஆண்டுக்குரிய, மேடையேறாத பாகமும் அதில் இருந்தது. அதன் அடியில் தேதி மட்டும் எழுதப்படவில்லை.

நவம்பர் 28-ஆம் நாள் அண்ணாச்சி காலமானார். இறுதி ஊர்வலத்தில் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம்.

அடுத்த வாரம் அவரது சர்வீஸ் ரிஜிஸ்டர், குடும்ப ஓய்வூதியம் தொடர்பாக என் மேசைக்கு வந்தது. அதில் அவர் பணியில் சேர்ந்த நாள் இருந்தது. பெற்ற பதவி உயர்வு இருந்தது. எடுத்த விடுப்பு ஒன்றுவிடாமல் இருந்தது. ஒவ்வோராண்டும் சங்க விழாவை ஒட்டி இரண்டு நாள் விடுப்பு. எதற்கென்று எழுத அந்த ஏட்டில் பத்தி இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தந்தையாக நின்றவர் என்பதை எழுத அந்த ஏட்டில் இடமே இல்லை. நான் கையெழுத்திட்டுக் கோப்பை மேலே அனுப்பினேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அன்பர்களே! மறைந்த திரைக் கலைஞருக்காக நாம் வருந்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. முகமறியாத ஒருவர் நம் வீட்டில் ஒருவராகிவிட்டார் என்றால் அது கலையின் பெருமை. அந்தத் துயரம் உண்மையானதே. ஆனால் திரையில் தந்தையாக நடித்தவருக்கு நாம் சிந்தும் கண்ணீர், நம் நடுவில் தந்தையாக நடித்தவரின் வாசலுக்கு நம்மை ஒருமுறையேனும் நடத்திச் செல்ல வேண்டாமா? என்னை அது நடத்திச் செல்லவில்லை. நான்கு நாள் தாமதித்தேன். நாடகத்தைப் பொறுத்தவரை இருபது ஆண்டுகள் தாமதித்துவிட்டேன்.

விசு அவர்கள் 2020-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் மறைந்ததை உங்களில் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். நாடு முழுவதும் ஊரடங்கு நாள் அது, ரயில்கள் நின்றிருந்தன. கூடி அழவும் அன்று வழியில்லை. குடும்ப நாடகங்களால் ஊர் மக்களையெல்லாம் ஒரே மண்டபத்தில் கூட்டியவர், மக்கள் கூடக் கூடாத நாளில் போனார். இன்று நமக்குக் கூடத் தடையில்லை. மண்டபம் இருக்கிறது. மின்விசிறி இருக்கிறது. கூடாமலிருப்பது நம் சோம்பலேயன்றி வேறல்ல.

ஆகையால் எனது வேண்டுகோள் இரண்டு. முதலாவது, நம் ஆண்டு விழாவில் மறைந்த திரைக் கலைஞர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தும்போது, அவ்வாண்டில் மறைந்த நம் மேடைக் கலைஞர்களின் பெயரையும் சேர்த்து வாசிக்க வேண்டும். வேடமிட்டவர் மட்டுமல்லர், திரை இழுத்தவர், ஆர்மோனியம் வாசித்தவர், ஒப்பனை செய்தவர் யாவரும் அதில் அடங்குவர். அண்ணாச்சியின் நோட்டுப் புத்தகத்தில் அவர்கள் பெயர் முழுவதும் இருக்கிறது. அதனைப் படியெடுத்துச் சங்க நூலகத்தில் வைக்க ஏற்பாடு செய்கிறேன்.

இரண்டாவது, அடுத்த ஆண்டு விழாவில் நாடகம் ஒன்று நடத்த வேண்டும். சோறிட்டவரைச் சோறிட்டு நினைக்கிறார்கள். மரம் நட்டவரை மரம் நட்டு நினைக்கிறார்கள். வெளியூர்த் தமிழர் மேடையிலிருந்து புறப்பட்ட நடிகரை, வெளியூர்த் தமிழர் மேடையில் நாடகம் போட்டல்லவா நினைக்க வேண்டும்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். முக்கால் மணி நேரம் போதும். மெல்லிசையும் இருக்கட்டும், இளைஞர்களின் நடனமும் இருக்கட்டும். 2004-ஆம் ஆண்டில் ஏறாமற்போன அந்த நாடகமே ஏறட்டும். அன்று அதைத் தடுத்த தீர்மானத்தை முன்மொழிந்தவன் என்ற முறையில், இன்று இத்தீர்மானத்தையும் நானே முன்மொழிகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பவள். அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து நாடகத்தைப் பெயர்த்து எழுதும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு நான்கு சொற்களுக்குப் பொருள் கேட்கிறாள். “அப்பா, ‘வெள்ளன’ என்றால் என்ன?” என்று நேற்றுக் கேட்டாள். ‘அதிகாலையிலேயே’ என்று சொன்னேன். நெல்லைத் தமிழ் ஒரு சொல் இவ்வூரில் இன்னொரு தலைமுறைக்குப் போயிற்று. நாடகம் மேடையேறுவதற்கு முன்பே இவ்வளவு லாபம் என்றால், ஏறினால் எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒத்திகை ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு இந்த மண்டபத்திலேயே நடைபெறும். வேடங்கள் ஏழு, பெண் வேடம் மூன்று. மகன் வேடத்துக்கு மூன்று இளைஞர்கள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள். தந்தை வேடத்துக்கு இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. மனமுள்ள பெரியவர்கள் கூட்டம் முடிந்தவுடன் என்னிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். வசனம் மறந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். திரைக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்துடன் நான் நிற்பேன். இம்முறை டார்ச்சுக்குப் புதிய பாட்டரி போட்டிருப்பேன்.

இயக்குநர் துரை, நடிகர் டெல்லி கணேஷ், நம் பார்சல் ஆபீஸ் அண்ணாச்சி ஆகிய மூவர்க்கும், மன்றம் இல்லாத மற்றெல்லாக் கலைஞர்க்கும் எனது அஞ்சலியைச் செலுத்துகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நமது சங்கம்!